சாப்பிட்டாச்சு, அடுத்த ஆட்டம் என்ன?

வாசகர் கேள்வி – பதில்

ராத்திரிச் சாப்பாடு முடிந்து நண்பர்களோடு வீட்டில் என்ன விளையாடுகிறீர்கள், அதில் என்ன சிக்கல் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதி பஞ்சாயத்துக் கடிதங்கள். பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை நாலைந்து நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கை கழுவியதும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு சோஃபாவில் சாய்ந்துவிடுகிறார்கள். "ஏதாவது விளையாடலாமா?" என்று கேட்டால், "நீங்க ஆடுங்க, நாங்க பார்க்கிறோம்" என்று பதில் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நங்கநல்லூர்

கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் கேட்காதீர்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, இரண்டு தலையணையைப் போட்டுவிடுங்கள். சோஃபாவில் சாய்ந்தவரை மறுபடி எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கை துடைத்துக்கொண்டு வருகிறவர் கண்ணில் முதலில் ஜமுக்காளம் படவேண்டும்.

முதல் ஆட்டம் விதி விளக்கத் தேவையில்லாததாக, ஐந்து நிமிடத்தில் முடிவதாக, யாருடைய அறிவையும் சோதிக்காததாக இருக்கட்டும். என் ஓட்டு ராஜா–ராணி சீட்டுக்கு. நாள்காட்டித் தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று ஐந்து சீட்டு எழுதி, மடித்துக் குலுக்கிப் போடுங்கள். போலீஸ் மட்டும் வெளியே சொல்லவேண்டும், திருடனை அவர் கண்டுபிடிக்கவேண்டும், தப்பாகக் கைகாட்டினால் அவருடைய புள்ளி திருடனுக்குப் போய்விடும். ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0, நடுவில் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆபீசில் முப்பது பேரை மேய்க்கிற ஆள் திருடன் சீட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும், மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதும், "நான் மந்திரிப்பா" என்று யாரும் கேட்காமலே சொல்வதும் பார்க்கவேண்டிய காட்சி. நாலு சுற்று போனால் அடுத்து என்ன ஆடலாம் என்று அவர்களே கேட்பார்கள்.

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால், கூட்டம் சூடானதும், மாஃபியாவுக்குப் போகலாம். கிட்டத்தட்ட இதே திருடன்–போலீஸ்தான், ஆனால் ஒளிந்திருக்கும் மாஃபியா யார் என்று எல்லோரும் வாதாடலாம். 1986 வாக்கில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் என்பவர் உருவாக்கியது. நடத்துவதற்கு வாயாடி ஒருவர் வேண்டும், அப்படி ஒருவர் எல்லா நண்பர் கூட்டத்திலும் இருப்பார். படப்பெயரை நடித்துக் காட்டும் ஆட்டத்தை மட்டும் முதலில் வைக்காதீர்கள். கூச்ச சுபாவக்காரரைப் பத்துப் பேருக்கு நடுவே நிற்கவைத்து ஆரம்பித்தால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

அப்புறம், போனைக் கூடையில் போடச் சொல்லும் வேலை வேண்டாம், பரீட்சை ஹாலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சிலருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கும், சிலருக்கு ஆஸ்பத்திரி அழைப்பு வரும். கையில் சீட்டு இருந்தால் போன் தானாகக் கீழே போய்விடும்.

தாயக்கட்டை உருட்டினால் எனக்கு மட்டும் தாயம் விழுவதே இல்லை. மற்றவர்கள் காயைச் சுற்றி முடித்துப் பழம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். கோளாறு கட்டையிலா, என் கையிலா?
– வாசகர், கும்பகோணம்

இரண்டிலும் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரு கட்டையின் நாலு பக்கத்தில் ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையைச் சேர்த்தால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் என்பது ஒரு கட்டை வெறுமை, இன்னொன்று ஒற்றைப் புள்ளி, ஆக இரண்டே விதம். எட்டு உருட்டுக்கு ஒன்று என்பது சராசரி. பத்து தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் ஆடினால், ஆளுக்குப் பத்து உருட்டு முடிந்த பிறகும் யாராவது ஒருவராவது தாயம் விழாததால் காய் இறக்க முடியாமல் வாசலிலேயே நிற்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த ஒருவராக நீங்கள் மாட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்க ஆடப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். விடியும்வரை நேரம் போகவேண்டும் என்றால் தாயம் விழாததும் நல்லதுதான். மறுநாள் ஆபீஸ் இருக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. ஆளுக்கு ஒரு காயைத் தாயம் போடாமலே உள்ளே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள், அல்லது ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு (இரண்டு கட்டையும் வெறுமை) மறு ஆட்டம் உண்டு என்பதை மட்டும் மாற்றாதீர்கள், ருசியே அதில்தான். தெருவுக்குத் தெரு விதி மாறுகிற ஆட்டம் இது, பாட்டி கோபித்துக்கொள்ளமாட்டார்.

கேரம்: ரெட் காயைப் போட்டுவிட்டு ஃபாலோ (அடுத்து நம் காய் ஒன்று) போடாவிட்டால் திரும்ப நடுவில் வைக்கவேண்டுமா? கட்டைவிரலால் அடிப்பது தப்பாட்டமா? நண்பன் ஒருத்தன் உயிரை எடுக்கிறான்.
– வாசகர், வியாசர்பாடி

முதல் கேள்விக்கு ஆமாம், ரெட் திரும்ப நடுவுக்கு வரவேண்டும். இரண்டாவதில் உங்கள் நண்பர் தோற்றார். சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி கட்டைவிரலாலும் அடிக்கலாம். அந்தச் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான், அதனால் வெளிநாட்டு விதி என்று அவர் தப்பிக்க முடியாது. போட்டி முறையில் ரெட்டுக்கு 3 புள்ளி, ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு (சுற்று). வெள்ளைக்கு இருபது, கருப்புக்குப் பத்து, ரெட்டுக்கு ஐம்பது என்பதெல்லாம் நம் வீட்டுக் கணக்கு, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2008-ல் உலக சாம்பியனான இளவழகி உங்கள் பேட்டைக்காரர்தான். இந்த ஊரிலிருந்துகொண்டு கேரம் விதிக்கு எனக்கு எழுதுவது கொஞ்சம் அதிகம்!

நீங்கள் கேட்காத ஒன்று: நாலு பேர் ஆட மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதுதான் கேரத்தின் குறை. ஒரு போர்டு முடிந்ததும் தோற்ற ஜோடி எழுந்துவிடவேண்டும் என்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். பவுடர் போரிக் ஆசிட் என்றால் தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

என் கணவரின் நண்பர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் ரம்மி ஒரு மணி வரைக்கும் ஓடும். ஆட்டம் அவர்களுக்கு, டீயும் ஆம்லெட்டும் வெங்காய பஜ்ஜியும் எனக்கு. நான் ரம்மி நன்றாக ஆடுவேன் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கணவர் நல்லவர், ஆனால் இதைக் கவனிப்பதே இல்லை.
– வாசகி, திருச்சி

"அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று எழுதப்போவதில்லை. பேசினால், "நீயும் வாயேன், யார் வேண்டாம்னா?" என்பார், நீங்கள் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், "ஏம்மா, டீ?" என்றும் கேட்பார். வருகிற வெள்ளிக்கிழமை சீட்டைக் கலைக்கும் முன்பே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் 13 சீட்டு போடட்டும். பால், டீத்தூள், சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

மற்றதை ரம்மியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு சரியில்லை என்று யாராவது ஸ்கூட் விடுவார்கள் இல்லையா? 20 புள்ளியோடு கவிழ்த்துவிட்டு, அடுத்த கை போடும்வரை அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. அவர் போய் டீ போடட்டும். இதைச் சட்டமாகவே வைத்துவிடுங்கள்: ஸ்கூட் விட்டவருக்கு அடுப்படி. இரண்டு நன்மை உண்டு. எடுத்ததற்கெல்லாம் ஸ்கூட் விடும் கோழைகள் குறைவார்கள், வருகிறவர்கள் எல்லோருக்கும் உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்துவிடும். ஒரு கை நீங்கள் ஸ்கூட் விட்டால் நீங்களும் போகவேண்டியதுதான், அதில் சலுகை கேட்காதீர்கள்.

பஜ்ஜியை அடியோடு நிறுத்துங்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தவர்களுக்குப் பஜ்ஜி எதற்கு? அதுவும் எண்ணெய்க் கையால் சீட்டைத் தொட்டால் இரண்டே வாரத்தில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜாவைப் பின்பக்கக் கறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தூக்கு பொரி–பொட்டுக்கடலை, ஒரு ஃபிளாஸ்க் சுக்குக் காபி, போதும்.

காசு வைக்காமல் சீட்டாடினால் சப்பென்று இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆட்டத்துக்குப் பத்து ரூபாய்தானே, வீட்டுக்குள்தானே?
– வாசகர், சேலம்

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இடம் கொடுக்கிறவர் அதில் லாபம் பார்த்தால் கதை வேறு என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. என் கவலை சட்டம் இல்லை. உங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சம்பளமா? ஒருவருக்குப் பத்து ரூபாய் சில்லறை, இன்னொருவர் முந்நூறு தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே பைக்கை எடுப்பார், அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள். மாதக் கடைசியில் கொட்டை குறைவாக இருப்பவர் மற்ற எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டும். சப்பென்று இருக்கிறது என்றால் இன்னும் நன்றாக ஆடப் பழகச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் ராத்திரி பத்தரைக்குக் காலிங்பெல் அடிக்கிறார். நாங்கள் கத்துவதுகூட இல்லை.
– வாசகர், மடிப்பாக்கம்

கத்துவது உங்கள் வீட்டோடு நின்றுவிடும். தரையில் வைத்த கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் விழும் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும்தான் கான்கிரீட் வழியாக நேராக அவருடைய கட்டிலுக்கு மேலே இறங்குகின்றன. போர்டுக்கு அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள், நாற்காலிக் காலுக்குத் துணி சுற்றுங்கள், பத்து மணிக்கு மேல் கேரத்தை மூடிவிட்டுச் சீட்டுக்கு மாறுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி என்று சொல்வதே பத்து முதல் காலை ஆறு வரைதான், குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல் வரம்பு. அவர் அதைத் தெரிந்துகொண்டு வருவதற்குள் ஒருநாள் அவரையே ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் பழக்க விருப்பம், ஆனால் அப்பா விளங்கப்படுத்தத் தொடங்கினால் பிள்ளைகள் எழும்பி ஓடுகிறார்கள்.
– வாசகி, ஸ்காபரோ, கனடா

கேள்வி (ஏலம்), கவிழ்த்து வைத்த துரும்பு (துருப்புச்சீட்டு) இதிலிருந்தெல்லாம் அப்பா தொடங்குவார், அங்கேதான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். முதல் இரண்டு இரவு ஏலமே வேண்டாம். ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளை எடுத்துவிட்டால் மீதி 32, நாலு பேருக்கு எட்டெட்டு. மதிப்பை மட்டும் தாளில் எழுதி நடுவில் வையுங்கள்: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ராஜாவை ஜாக் அடிக்கிறான் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய குஷி. துரும்பைத் திறந்து வைத்தே ஆடட்டும். அப்பாவோடு ஒரு பேரன் ஜோடி, எதிர்ப்பக்கம் கூட்டாளியோடு இன்னொரு பேத்தி என்று பிரித்துவிடுங்கள். பேத்தியிடம் தோற்றால் அப்பா தானாகவே ஏலம் சொல்லித்தரத் தொடங்குவார்.

ஊனோவில் பிளஸ் டூ மேல் பிளஸ் டூ போட்டு அடுத்தவருக்கு நாலு சீட்டு தள்ளிவிடலாமா?
– வாசகர், ஓசூர்

கம்பெனி விதிப்படி கூடாது, விழுந்தவர் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் ஊரே அப்படித் தள்ளிவிட்டுத்தான் ஆடுகிறது, எனக்கும் அதுதான் பிடிக்கும். சீட்டு போடும் முன்பே எது என்று முடிவு செய்துவிடுங்கள். பிளஸ் டூ கையில் வந்த பிறகு விதி பேசுகிறவரை நம்பக்கூடாது.

மணி பன்னிரண்டு ஆனாலும் "இன்னும் ஒரே ஆட்டம்" என்று ஒரு நண்பர் விடுவதில்லை. வீட்டுக்காரனாக இருந்துகொண்டு "கிளம்புங்க" என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி

நீங்கள் சொல்லக்கூடாது. வந்தவர்களில் ஒருவர் சொல்லவேண்டும். யார் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதோ, யாருக்குக் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வரும் மாமியாரை அழைக்கப் போகவேண்டியிருக்கிறதோ, அவரிடம் சாப்பாடு போடும்போதே காதில் சொல்லிவையுங்கள். பதினொன்றே முக்காலுக்கு அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். "இருங்களேன், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று நீங்கள் ஒருதடவை கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்காதீர்கள், அந்த நண்பர் நிஜமாகவே உட்கார்ந்துவிடுவார்.