எண்ணூர் சைட் எக்ஸ்கவேட்டர்: கன்ட்ரோலர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அண்ணே, செகண்ட்ஹேண்ட் வண்டி, மானிட்டர்ல கம்யூனிகேஷன் எரர் வந்து வந்து போகுது, கன்ட்ரோலரை (வண்டியோட கம்ப்யூட்டர் பெட்டி) மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு காசைக் கொட்டாதீங்க. விட்டு விட்டு வர்ற எரர் பெரும்பாலும் வயரிங்தான்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, டயக்னாஸ்டிக் சாக்கெட்ல கேன் ஹை, கேன் லோ (கன்ட்ரோலரும் மானிட்டரும் பேசிக்கிற ஜோடி வயர்) ரெண்டுக்கும் இடையில மீட்டர் வச்சு ஓம்ஸ் பாருங்க. அந்த ஜோடியோட ஒவ்வொரு முனையிலயும் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், ரெண்டும் பேரலல்ல இருக்கிறதால 60 பக்கம் காட்டணும். 120 காட்டினா ஒரு ரெசிஸ்டரோ வயரோ விட்டுப்போச்சு. சைபர் பக்கம்னா ரெண்டு வயரும் ஒட்டுது. மீட்டரைப் பிடிச்சபடியே ஆள்விட்டு ஹார்னஸை (வயர் கட்டு) ஆட்டச் சொல்லுங்க. எங்க ஆட்டும்போது எண் எகிறுதோ, அங்கதான் கோளாறு. உப்புக்காத்துல கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிங்க, உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பின் மேல் பூச்சு போயிடும்.

60 சரியா இருந்தா, அடுத்து கன்ட்ரோலரோட எர்த் வயரைப் பாருங்க.