கம்பெனி மூடிப்போன லாரியை வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். ஆசைக்கு ஒரு பழைய கனரக லாரி வாங்கிப் பழுது பார்த்து ஓட்ட எண்ணம். இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, கம்மின்ஸ் டீசல் எஞ்சின் உள்ள 1960களின் பிராக்வே. மற்றது, ஹெர்குலிஸ் பெட்ரோல் எஞ்சின் உள்ள 1940களின் டைமண்ட் டி. இரண்டு கம்பெனிகளும் இப்போது இல்லை. உதிரி பாகம் கிடைக்குமா?

பதில்: பிராக்வேயை எடுங்கள். அழகில் டைமண்ட் டி ஒரு படி மேல்தான். காடிலாக் என்ற சொகுசுக் காரோடு ஒப்பிட்டு, லாரிகளின் காடிலாக் என்று பெயர் வாங்கிய வண்டி. ஆனால் நீங்கள் கேட்பது உதிரி பாகத்தைப் பற்றி.

நியூயார்க் மாநிலம் கோர்ட்லண்டில் இருந்த பிராக்வே, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் வெளியே வாங்கிப் பூட்டிய கம்பெனி. 1956-இல் மேக் என்ற லாரி கம்பெனி அதை வாங்கியது, 1977-இல் மூடியது. கம்மின்ஸ் எஞ்சின் அந்தக் காலத்துக் கனரக லாரிகள் பலவற்றில் பார்க்கக்கூடியது என்பதால் லைனர், பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் இன்றும் வாங்கலாம். கடையில் லாரியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். எஞ்சின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணையும் கியர்பாக்ஸ் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் சொல்லுங்கள். டைமண்ட் டி-யில் சிக்கல் இங்கேதான்: லாரி செய்தவர்களும் இல்லை, ஓஹையோவின் கான்டனில் எஞ்சின் செய்தவர்களும் இல்லை. பழைய ஸ்டாக்கைத் தேடி அலைய வேண்டும்.

இரண்டிலுமே கிடைக்காதது தகரம். கேபின், பானெட், மட்கார்டு, கிரில் எல்லாம் இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கதவின் அடிப்பகுதி, கேபின் தரை, முன்கண்ணாடியின் மூலைகள், கேபினைச் சேசிஸில் பிடித்திருக்கும் இடங்கள் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி பூசியிருந்தால் ஒட்டாது. எஞ்சின் ஓடி கேபின் அரித்துப்போன வண்டியைவிட, எஞ்சின் இறுகி கேபின் முழுசாக இருக்கும் வண்டி நல்லது. விற்பவர் எஞ்சினை ஓட்டிக்காட்டித்தான் விலையை ஏற்றுவார்.

அப்புறம் சக்கரம். அந்தக் காலத்து 20 அங்குல ரிம்கள் பல துண்டுகளாக வரும். அந்தத் துண்டுகளைப் பூட்டி வைக்கும் லாக் ரிங் துருப்பிடித்திருந்து, காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். குறிப்பாக ஆர்எச்5 என்ற ஃபயர்ஸ்டோன் ரிம் இருந்தால் பேச்சே வேண்டாம், கழற்றி எறியுங்கள். மற்றவற்றையும் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் கடையில்தான் கொடுக்க வேண்டும். டேட்டன் என்கிற ஆரக்கால் சக்கரமாக இருந்தால் அதிர்ஷ்டம்: ஆரக்காலை விட்டுவிட்டு ரிம்மை மட்டும் 22.5 அங்குல டியூப்லெஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். 10.00-20 டயருக்குப் பதில் 11ஆர்22.5 போடுவார்கள்.

பிரேக்கையும் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த மத்திய அரசு விதிக்கு முந்தைய ஏர் பிரேக் வண்டிகள் பலவற்றில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே காற்றுச் சர்க்யூட்தான். ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போகும். ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரட்டை சர்க்யூட்டும், காற்று போனால் தானே பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் பூட்டும் செலவை இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள்.

சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் சின்னதாக இருந்தால் பதற வேண்டாம், 17 இலக்க முறை 1981-இல்தான் வந்தது. ஒன்றாக இல்லையென்றால், விற்பவர் அதைச் சரிசெய்து தரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.