அந்தப் புதிய புள்ளி சூப்பர்நோவாதானா?

கேள்வி: 8 அங்குலத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திப் படம் எடுத்து வருகிறேன். ஒரு கேலக்ஸியின் ஓரத்தில், போன மாதப் படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிகிறது. சூப்பர்நோவாவா, அதாவது விண்மீன் வெடிப்பா? அபூர்வ வகையா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முதலில் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி மறுபடி எடுங்கள். கேமராக் கோளாறாக இருந்தால் புள்ளி கேலக்ஸியோடு சேர்ந்து நகராது. ஒரு மணி நேரத்தில் விண்மீன்களுக்கிடையே இடம் மாறியிருந்தால் அது சிறுகோள். இரண்டும் இல்லையென்றால், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில் (வானில் புதிதாகத் தோன்றுபவற்றைப் பதிவு செய்யும் இடம்) யாராவது முந்திக்கொண்டார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். இருப்பிடம், நேரம், ஒளி அளவு ஆகியவற்றோடு, புள்ளி இல்லாத கடைசிப் படத்தின் தேதியையும் கட்டாயம் கொடுங்கள். வெடிப்பு எப்போது தொடங்கியிருக்கும் என்று கணிக்க உதவுவது அதுதான். உங்கள் போன மாதப் படத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு!

வகையைப் படம் சொல்லாது, ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைதான் சொல்லும். அதுவரை, பதிவான புள்ளியின் பெயருக்கு முன்னால் ‘ஏடி’ என்றிருக்கும். உறுதியான பின்பே ‘எஸ்என்’ ஆகும். நிறமாலையில் ஹைட்ரஜனைக் காட்டும் கோடுகள் இருந்தால் 2ஆம் வகை. ஹைட்ரஜன் இல்லாமல் சிலிக்கான் அழுத்தமாகத் தெரிந்தால் 1ஏ, ஹீலியம் தெரிந்தால் 1பி, இரண்டுமே இல்லையென்றால் 1சி.

ஆனால் ஒரு நாள் நிறமாலையை மட்டும் நம்பவும் முடியாது. 2014இல் கண்டறியப்பட்ட ஐபிடிஎஃப்14எச்எல்எஸ் என்ற சூப்பர்நோவா, நிறமாலையில் சாதாரண 2ஆம் வகையாகத்தான் தெரிந்தது. சுமார் 100 நாளில் மங்கியிருக்க வேண்டியது, 600 நாட்களுக்கு மேல் ஏறி இறங்கி ஒளிர்ந்தது. விடாமல் பார்த்ததால்தான் அதன் விசித்திரம் வெளிப்பட்டது.

இதில் உங்களைப் போன்றவர்களின் பங்கு பெரிது. ஜப்பானிய வானியல் ஆர்வலர் கொய்ச்சி இடகாகி 2004இல் யுஜிசி 4904 கேலக்ஸியில் சிறிய ஒளிர்வு ஒன்றைப் பதிவு செய்தார். சில நாட்களில் அது மறைந்தது. 2006 அக்டோபரில் அதே இடத்தில் எஸ்என் 2006ஜேசி வெடித்தது. அதன் நிறமாலையில் ஹீலியம் கோடுகள் குறுகலாக இருந்தன: விண்மீன் முன்பே உதறிய ஹீலியத்தில் வெடிப்பு மோதியதன் அடையாளம் அது. இத்தகையவை 1பிஎன் எனப்படும். சாவதற்கு இரண்டே ஆண்டு முன்பு அந்த விண்மீன் குமுறியது அந்தப் பழைய பதிவால்தான் தெரிந்தது.

எனவே புள்ளி மங்கிய பிறகும், வானம் தெளிந்த இரவுகளில் அதே ஃபில்டரோடு அந்தக் கேலக்ஸியை எடுத்துக்கொண்டே இருங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.