தொட்டில் வாங்குவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 29. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் மனைவியோடும் என் தாயாரோடும் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு வேலை. மனைவிக்கு இப்போது 31 வாரம். இது எங்கள் முதல் குழந்தை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஈப்போவில் இருக்கும் மாமியார் சொல்கிறார். பேரப்பிள்ளை நம் வீட்டுக்குத்தான் முதலில் வரவேண்டும் என்று அம்மா சொல்கிறார். ஆனால் குழந்தை பிறக்கும் முன் ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்றும் தடுக்கிறார். மனைவி எதைக் கேட்டாலும் 'உங்கள் விருப்பம்' என்கிறாள். வீட்டையும் வீட்டாரையும் நான் எப்படித் தயார் செய்வது?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா சொல்வதை எழுதியிருக்கிறீர்கள், மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பெறப் போகிறவரின் பங்கு மட்டும் 'உங்கள் விருப்பம்' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து, பிரசவித்த பெண்களைப் பார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய் வந்தவள் நான். அந்த இரண்டு சொற்களை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். தன் மனத்தில் உள்ளதைச் சொன்னால் இரண்டு தாய்மாரில் ஒருவர் வருந்துவார், அந்த வருத்தத்தின் பழி தன்மேல் விழும் என்ற அச்சத்தில்தான் பெண்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். ஆகவே, வீட்டைத் தயார் செய்யும் வேலையை அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள். ஓய்வு நாளில் மனைவியைத் தனியே வெளியே அழைத்துச் சென்று, முதல் மாதத்தை எங்கே கழித்தால் அவருக்கு நிம்மதி, தையல் வலியோடு எழ முடியாமல் இருக்கும்போது யார் கைபிடித்துக் குளியலறைக்குப் போக அவருக்குக் கூச்சம் இராது, பிரசவ அறையில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.

அவர் சொல்லும் முடிவை உங்கள் தாயாரிடம் கொண்டு செல்ல வேண்டியவர் நீங்கள்தான். 'அவள் இப்படிக் கேட்கிறாள்' என்று சொன்னால் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்றுவிடுவார்கள். 'நாங்கள் இருவரும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம் அம்மா' என்று சொன்னால் வருத்தம் வந்தாலும் அது மகன்மீது வரும் வருத்தம், நாளடைவில் தணிந்துவிடும். இந்த ஒரு பேச்சைக் குழந்தை பிறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்ட வீடுகளில், கூடத்தில் சத்தமும் அறைக்குள்ளே ஒரு பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுவதுமாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கப் பழகும் முதல் வாரத்தில் தாய்க்கு அந்தச் சத்தம் கூடவே கூடாது.

ஈப்போதான் என்று முடிவானால் கடைசி நேரத்தில் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படாதீர்கள். 36 வாரத்துக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்து, கர்ப்பப் பதிவான இளஞ்சிவப்புப் புத்தகத்துடன் மாமியார் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாதியர் எந்த வீட்டுக்கு வந்து பார்ப்பது என்பதும் அந்தப் பதிவை வைத்துத்தான் அமையும். பட்டர்வொர்த்திலேயே என்றால் வேறு சிக்கல். செபராங் ஜெயா மருத்துவமனை பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நீங்கள் வேலை செய்வது தீவில், அந்தப் பக்கம். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் மாலை நேர நெரிசல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி எடுக்கும்போது நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்: கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவரையும் கேட்டுவையுங்கள். உற்பத்திப் பிரிவுக்குள் கைத்தொலைபேசி கொண்டு போக அனுமதி இல்லாவிட்டால், மேற்பார்வையாளரின் எண்ணை மனைவியும் அம்மாவும் தங்கள் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கட்டும். இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வயிற்றுக்குள் குழந்தை அசைவதை எண்ணிக் குறிக்கும் அட்டவணை ஒன்று இருக்கும். வழக்கத்தைவிட அசைவு குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் நீங்களே சொல்லி வையுங்கள்.

பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்று அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று எதிர்த்துப் பேச வேண்டாம். பிறந்த குழந்தைகள் பல தங்காமல் போன காலத்தில், ஆசையாய்த் தைத்து வைத்த சட்டையைப் பிறகு பார்க்க நேர்ந்த தாய்மார்களின் வலியிலிருந்து வந்த வழக்கம் அது. உண்மையில் முதல் வாரத்துக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: துவைத்துக் காயவைத்த பருத்திச் சட்டைகளும் துண்டுகளும், அணையாடைகள், தாய்க்கான பெரிய பஞ்சுப் பட்டைகள். உறவினர் வீட்டுக் குழந்தையின் பழைய சட்டைகளை வாங்கி வைத்தால், 'புதிது வாங்கவில்லை' என்று அம்மாவின் மனமும் நிறையும். தொட்டிலும் வண்டியும் பிறகு வரட்டும். கார் இருக்கை மட்டும் காத்திருக்கக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் குழந்தைகளுக்கான கார் இருக்கை சட்டப்படி கட்டாயம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே அது வேண்டும், பச்சைக் குழந்தைக்கு அதைப் பின்புறம் நோக்கிப் பொருத்த வேண்டும். அது காரில் இருக்கும் பொருள், வீட்டுக்குள் வராது என்று சொன்னால் அம்மா ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இப்போது அலமாரிக்கு வருவோம். பெரும்பாலான பாட்டிமார் தூளி கட்டுவதற்கென்று பழைய பருத்திச் சேலைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க நடுவே அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் நெடியே ஆபத்து. இரத்தத்தின் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். ஆனால் முடிவு கைக்கு வருமுன் குழந்தை வீட்டுக்கு வந்துவிடவும் கூடும். ஆகவே இந்த மாதமே உருண்டைகளை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, சேலைகளை இரண்டு மூன்று முறை துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்திவிடுங்கள். குழந்தைக்குக் குறை இருப்பதாகத் தெரிந்தால் அந்தச் சேலைகளே வேண்டாம்.

தூளி நம் பிள்ளைகளின் முதல் ஊஞ்சல். அதை விலக்கும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் துணி குழிந்து குழந்தையின் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு தடைப்படலாம் என்பதால், யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பகல் நேரத்துக்கு மட்டும் அது இருக்கட்டும். இரவில் மட்டமான, அழுத்தமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாம்பிராணிப் புகை குழந்தை இருக்கும் அறைக்கு வேண்டாம். நீங்கள் புகைப்பவராக இருந்தால் (எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்) பால்கனியில் நின்று புகைத்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மூச்சிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். புகை படும் வீட்டில், தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. நிறுத்த உதவி செய்யும் சேவை அரசாங்கக் கிளினிக்குகளிலேயே உண்டு. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இன்றே தொடங்கலாம். பூந்தொட்டித் தட்டிலும் குளியலறை வாளியிலும் தண்ணீர் தேங்காமல் வாரந்தோறும் பார்ப்பதை உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டெங்கிக் கொசுவுக்கு அந்த அளவு நீரே போதும்.

பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு தாய்மாரும் ஒருமனமாக இருக்கப் போகும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். பூண்டும் சுறாப்புட்டும் மருந்துக் குழம்பும் பிரசவித்த உடம்புக்கு நல்லவையே, அக்கறையோடு சமைத்துக் கொடுக்கும் கையை நான் வணங்குகிறேன். தண்ணீரைக் குறைப்பதையும், எழுந்து நடமாட விடாமல் நாளெல்லாம் படுக்க வைப்பதையும் மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். பால் சுரக்கும் தாய்க்குத் தாகம் அதிகம். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஒரு மணி நேரத்துக்குள் பட்டை முழுதும் நனையும்படி இரத்தம் போனாலோ, மூச்சுத் திணறினாலோ, பொறுக்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ, 'பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். உடனே மருத்துவமனை, அல்லது அவசர எண் 999.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும்; சேனை என்று நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பதால் தசைகளைத் தளர்த்தும் கொடிய நச்சு நோய் வரக்கூடும். கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போதாது. மஞ்சள் மிக அதிகமாக ஏறினால் மூளையைத் தாக்கும். வீட்டுக்கு வரும் தாதியிடம் காட்டுங்கள், அவர் கிளினிக்குக்கு வரச் சொன்னால் நல்ல நேரம் பார்க்காமல் புறப்படுங்கள்.

இனி, உங்களால் மட்டுமே முடிகிற தாள் வேலைகள். திருமணத்தைக் கோயிலில் செய்ததோடு நில்லாமல் தேசியப் பதிவிலாகாவிலும் பதிந்திருக்கிறீர்களா? பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தானாக இடம்பெறாது. பெற்றோர் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பிறகு பள்ளிச் சேர்ப்பு வரை அது நீளும் என்பதால் இதுவரை பதியாவிட்டால் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். முப்பதாம் நாள் பெயர் சூட்டு விழாவுக்குப் பிறகு போனாலும் காலம் இருக்கிறது. ஆனால் பெயரை ரூமியில் (ஆங்கில எழுத்துகளில்) எழுதும் விதத்தை எண்கணிதம் பார்ப்பவரிடம் கேட்பதாக இருந்தால் அதை முன்பே கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அச்சிட்டுக் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

விடுப்பை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் திருமணமான தந்தைக்குச் சம்பளத்துடன் தொடர்ச்சியாக 7 நாள் விடுப்பு உண்டு; அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பாகத் தெரிவித்துவிட வேண்டும். உங்கள் மனைவிக்கு 31 வாரம் என்றால் இந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள். பலரும் ஆண்டு விடுப்பையும் இந்த ஏழு நாளோடு சேர்த்து ஒரேயடியாக எடுத்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் வீடு நிறைய ஆள் இருக்கும். நீங்கள் இல்லாவிட்டாலும் சோறு வேகும். பிரசவித்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கும் மேல் நீடித்து, குழந்தையைத் தூக்கவே மனமில்லை, தூக்கமில்லை, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் மனைவி பேசினால் அது நோய், கண்ணேறு அன்று. கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசுங்கள். இந்தச் சோர்வு வெளியே தெரியத் தொடங்குவது பெரும்பாலும் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போன பிறகுதான். ஆண்டு விடுப்பில் நான்கைந்து நாளை மிச்சம் பிடித்து, பத்தியம் முடிந்து மாமியார் (ஈப்போவில் பிரசவம் என்றால், மனைவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு) விடைபெறும் நாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடக்கும்போது, குழந்தை உங்கள் தோளில் இருக்கட்டும்.