டேனிஷ் பண்பாட்டை அறிய ஆசிரியர்கள் குழுவாக டென்மார்க் போகிறோம். எப்படித் தயாராவது?

உங்களைப் போன்ற குழுக்களை வரவேற்கும் பக்கத்தில் இருப்பவள் நான். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது இங்கே. உங்களுக்கு ஒரு வாரம்தான் கிடைத்திருக்கும், திரும்பியதும் அறிக்கை கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். அக்டோபரில், அதாவது ஆண்டின் 42ஆம் வாரத்திலும், பெப்ரவரியில் ஊருக்கு ஊர் மாறும் ஒரு வாரத்திலும் பள்ளிகள் பூட்டியிருக்கும். இங்கே எல்லோரும் வார எண்ணில்தான் பேசுவார்கள். மழைக்கோட்டும் தண்ணீர் புகாத சப்பாத்தும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மழை பெய்தாலும் பிள்ளைகள் வெளியேதான் இருப்பார்கள்.

இனி என்னை எழுத வைத்த விஷயம். வெளிநாட்டு ஆசிரியர் குழு ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்தது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. அன்று என் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டில் பாடம். பிள்ளைகள் மரக்கட்டைகளில் உட்கார்ந்து கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பிள்ளை இருக்கக் கூடாது. இவற்றைப் பழக்க எனக்கு இலையுதிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. வந்தவர்களில் ஓர் அம்மா பதறி ஓடிவந்து ஒரு சிறுமியின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் எந்த விதியை மீறினேன்?" என்று கேட்டாள். அவள் எதையும் மீறவில்லை.

அந்த அம்மாவின் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. அவருடைய ஊரில் பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டாலும் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. பிள்ளையை நம்பிக் கத்தியைக் கொடுத்ததுதான் அன்றைய பாடமே. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்தார்கள்!

வகுப்பறைக்குத் திரும்பியதும், "இங்கே முதல் மாணவர் யார்?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டாம் வகுப்புக்கு முன் இங்கே மதிப்பெண் கிடையாது. யார் முதல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, புறப்படுமுன் கிருண்ட்விக் என்பவரைப் பற்றி வாசியுங்கள். 1783இல் பிறந்து 1872இல் மறைந்த பாதிரியார், கவிஞர். மனப்பாடத்தையும் தேர்வையும் நம்பிய அன்றைய லத்தீன் பள்ளிகளை அவர் கடுமையாக எதிர்த்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் வந்து பேசிப் பாடிக் கற்கும் இடம் வேண்டும் என்றார். அந்த எண்ணத்திலிருந்து 1844இல் ரொடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி, அதாவது வயதுவந்தோர் தங்கிப் படிக்கும் பள்ளி, தொடங்கியது. இன்றும் அப்படிப்பட்ட பள்ளிகளில் தேர்வு இல்லை; மாணவர்கள் அங்கேயே தங்கிச் சேர்ந்து சாப்பிட்டு, காலையில் எல்லோருமாகப் பாடித்தான் நாளைத் தொடங்குகிறார்கள். கோபன்ஹேகன் கடைத்தெருவில் அரை நாளைக் குறைத்து, இதில் ஒன்றுக்குப் போய் அந்தக் காலைப் பாட்டில் உட்காருங்கள்.

பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதில் அவமதிப்பு இல்லை. பெற்றோரின் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் படம் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஒருமுறை தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1620 முதல் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது டேனிஷ்காரர்களிடம் இருந்தது. ஆசிரியர் அறையில் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டென்மார்க்கை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். 2013 ஏப்ரலில் வேலை நேரத் தகராறில் நகரசபைகள் கதவடைப்பு அறிவித்து, ஏறக்குறைய நான்கு வாரம் ஆசிரியர்களைப் பள்ளிக்குள் விடவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்துவைத்தது. அந்தக் கசப்பைப் பற்றியும் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

இன்னொன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பை இலவசமாக நடத்தும் கடமை முன்பு நகரசபைகளுக்கு இருந்தது. 2002இல் சட்டம் மாறியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை நீடித்தது, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேறுபாடு? இன்று பெற்றோர்களே வார இறுதியில் இடம் பிடித்துத் தமிழ் கற்பிக்கிறோம். பயிற்சி பெற்ற தமிழாசிரியர் எங்களுக்கு அரிது. உங்கள் பயணத்தில் ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தால் எழுதுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபுகளை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியுமா?