மயிலை விரட்ட என்ன வழி, ஊரணியில என்ன மீன் விடலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நிலக்கடலை வெதச்ச மறுநாளே மயிலுங்க கூட்டமா வந்து கிண்டிப் போட்டுடுது சார். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க பக்கம் மயிலையே பாத்ததில்ல. வனத்துறை பிடிச்சிட்டுப் போகக் கூடாதா? பக்கத்து தோட்டத்துக்காரர் மருந்து வச்சிடலாம்ங்குறார்.
வாசகர், சாக்கோட்டை

பதில்: மருந்து பேச்சை இன்னையோட விட்டுடுங்க. 1963-லேர்ந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, கொன்னா 3-லேர்ந்து 7 வருஷம் வரைக்கும் உள்ள போகணும். அதவிட, மருந்து மயிலோட நிக்காது, செத்த மயிலைத் தின்ன நாயும் கீரியும் அங்கேயே சுருண்டு கிடக்கும், அப்புறம் உங்க வயல்ல எலிய பிடிக்க ஆளில்ல.

பிடிச்சிட்டுப் போறதும் ஆகுற காரியமில்ல. பத்து மயில கொண்டு போனா பக்கத்து ஊர் மயில் அந்த எடத்துக்கு வந்துடும், ஏன்னா தீனியும் ஒளிய எடமும் அப்படியே இருக்குல்ல. இப்ப உங்க ஊரை சுத்தி ஒரு நடை நடந்து பாருங்க. வெளிநாட்டுக்குப் போனவங்க, சென்னைக்குப் போனவங்க நிலமெல்லாம் தரிசா கிடந்து சீமைக்கருவேலம் மண்டிப் போயிருக்கும். மயில் தரையிலதான் முட்டை போடும், நாலஞ்சு முட்டை, ஏறக்குறைய 4 வாரம் அடைகாக்கும், அந்த முள்ளுக்குள்ள மனுஷனும் நுழைய மாட்டான் நாயும் நுழையாது. முன்னாடி அந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் நரி, காட்டுப்பூனைன்னு ஆள் இருந்துச்சு. இப்ப நரி ஊளைய கடைசியா எப்ப கேட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இது ரெண்டும் சேர்ந்தா மயில் பெருகாம என்ன பண்ணும்?

அதனால வயல் ஓரத்து புதரை முதல்ல எடுங்க, வெட்டினா மட்டும் போதாது வேரோட பிடுங்கணும், இல்லேன்னா அடுத்த மழைக்கு ரெண்டு மடங்கா துளுக்கும். எடுக்குறதுக்கு முன்னாடி உள்ள முட்டை கிடக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. விதைச்சதுலேர்ந்து செடி கொஞ்சம் கெட்டிப்படுற வரைக்கும்தான் பெரிய நஷ்டம், அந்த நாள்ல காலையிலயும் சாயங்காலமும் ஆள் நிக்கணும். மினுமினு ரிப்பன் கட்டலாம், ஆனா நாலு நாளைக்கு ஒரு தடவை எடத்தை மாத்துங்க, மயிலுக்கு பழகிப் போச்சுன்னா அது மேலயே உக்காந்துக்கும். சேதத்தை போட்டோ எடுத்து வனச்சரக ஆபீஸ்லயும் விஏஓ கிட்டயும் எழுதியே கொடுங்க, வாயால சொல்றது எங்கயும் ஏறாது.

"காட்டுப்பன்னிய சுடலாம்னு சொல்லிட்டாங்களே, மயிலுக்கு மட்டும் என்ன?"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். 2025 ஜனவரியில தமிழக அரசு சொன்னத முழுசா படிங்க. காப்புக்காட்டுலேர்ந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 1-லேர்ந்து 3 வரைக்கும் பிடிச்சு காட்டுல விடணும், 3-ஐ தாண்டினாதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடணும். நம்ம கையில துப்பாக்கிய யாரும் கொடுக்கல.

கேள்வி: கொள்ளுக்குடிப்பட்டியில மட்டும் அத்தனை நாரை வருது, எங்க கண்மாய் அதவிட பெருசு, ஒண்ணு கூட கூடு கட்ட மாட்டேங்குது. இதுல பஞ்சாயத்துல ஜேசிபி விட்டு கருவேல மரம் எல்லாத்தையும் எடுக்கப் போறாங்களாம். நல்லதா கெட்டதா?
வாசகி, திருப்பத்தூர்

பதில்: கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி பறவை சரணாலயம் மொத்தமே 38.4 ஹெக்டேர்தாம்மா, 1977-ல அறிவிச்சது. அளவு பெருசா கணக்கில்ல. நடுத்தண்ணியில மரம் நிக்கணும், குஞ்சு பறக்குற வரைக்கும் கீழ தண்ணி இருக்கணும், அப்பதான் பூனை, கீரி ஏறாது. மீனும் நத்தையும் கிடைக்கணும், நத்தைகுத்தி நாரைக்கு பேர்லயே சாப்பாடு இருக்கு. அதோட அந்த ஊர்க்காரங்க பறவை பயந்துடும்னு தீபாவளிக்குக் கூட வெடி வைக்க மாட்டாங்க, வெடி கேக்குற பிள்ளைய சமாதானப்படுத்துறது எவ்வளவு பாடுன்னு நமக்குத் தெரியும்.

ஜேசிபி வர்ற அன்னைக்கு நீங்க கண்மாய்க்கரையில நின்னாகணும். எடுக்க வேண்டியது சீமைக்கருவேலம், நாட்டுக்கருவேலம் இல்ல. பூ வச்சு கண்டுபிடிக்கலாம், நாட்டுக்கருவேலம் பூ மஞ்சளா உருண்டையா பஞ்சு மாதிரி இருக்கும், காய் ஜெபமாலை கோத்தாப்புல நடுநடுல ஒடுங்கும். சீமையோட பூ வெளிர் மஞ்சள்ல நீளமா தொங்கும், காய் நீட்டுக்கு ஒரே சீரா இருக்கும். டிரைவருக்கு எல்லாமே முள்ளுதான், அவரைச் சொல்லியும் குத்தமில்ல. வைக்க வேண்டிய மரத்துல முந்தின நாளே சுண்ணாம்பு பட்டை அடிச்சிடுங்க. சீமையிலயே கூடு இருந்தாலும் குஞ்சு பறந்து போற வரைக்கும் அந்த மரத்தை விட்டு வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: கானாடுகாத்தான்ல எங்க பூர்வீக வீடு வருஷம் முழுக்க பூட்டியே கிடக்கு, படையலுக்குத்தான் போவோம். ரெண்டாங்கட்டு பரண்ல கூகை ஆந்தை குடியிருக்கு. அப்பத்தா அபசகுனம், விரட்டுன்னு ஒரே பிடிவாதம்.
வாசகர், சென்னை

பதில்: அப்பத்தாவை கூட்டிட்டுப் போய் பரணுக்குக் கீழ தரையைக் காட்டுங்க. கருப்பா, கட்டைவிரல் தண்டி உருண்டை கிடக்கும், எச்சம் இல்ல, கூகை வாயால கக்கினது. ஒரு குச்சியால பிரிச்சா உள்ள எலி முடியும் குட்டிக்குட்டி மண்டை ஓடும் இருக்கும். பூட்டின வீட்டுல பழைய ஏடும் பர்மா தேக்கும் எலி கடிக்காம இருக்குறதுக்கு அதுக்கும் பங்கு உண்டு. குஞ்சு இருந்தா ஓட்டைய அடைக்காதீங்க. நாத்தம் தாங்கலன்னா குஞ்சு போன பிறகு கம்பி வலை அடிச்சுட்டு, வெளிய மாட்டுக்கொட்டகையில ஒரு மரப்பெட்டி வச்சுடுங்க.

கேள்வி: ஊரணியில கொசுவுக்கு ஆப்பிரிக்கன் கெளுத்தி விட்டா சீக்கிரம் வளரும்ங்குறாங்க, விடலாமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: வேணாம். அத வளக்குறதுக்கே நாட்டுல தடை இருக்கு. கிடைக்குற மீன், தவளை, குஞ்சு எல்லாத்தையும் தின்னுடும், கரை வழிஞ்சா அடுத்த குளத்துக்கும் போயிடும். கொசுப்புழுவுக்கு கெண்டைப்பொடியும் விரால் குஞ்சும் போதும். குடிக்கிற ஊரணின்னா தீவனம் போட்டு மீன் வளக்குற ஏலத்துக்கே விடாதீங்க, கோழிக்கழிவை கொண்டு வந்து கொட்டுவாங்க.