எடை பாத்து ஆள் எடுக்கறதும் யூரின் பாட்டிலும்: ரக்பி கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதி கிளப் ஆள் எடுக்கறத பத்தி, பாதி டோப் டெஸ்ட், அதாவது ஊக்கமருந்து சோதனை பத்தி. என்னை கேட்டா ரெண்டும் ஒரே கேள்விதான்.

கேள்வி: ரக்பி ஸ்கவுட்டுங்க (கிளப்புக்கு ஆள் தேடறவங்க) எந்த வயசுலேர்ந்து பசங்கள பாக்கறாங்க?

தென்னாப்பிரிக்காவ எடுத்துக்குங்க. அங்க கிரேவன் வீக்னு ஒரு டோர்னமென்ட், 1964லேர்ந்து நடக்குது, மாகாண டீம்ல ஸ்கூல் பசங்க ஆடுவாங்க, கான்ட்ராக்ட் குடுக்கறவங்க, ஏஜென்ட்டு எல்லாரும் அங்கதான் சுத்திட்டு இருப்பாங்க. பதினேழு பதினெட்டு வயசுல யாரு மோதினா யாரு விழறான்னு பாக்கறாங்க, அப்ப பையனுக்கு என்ன தோணும், எப்படியாவது எடை ஏத்தணும்னுதான், ஜனவரில 85 கிலோ இருந்தவன் ஜூலைக்குள்ள 97 ஆகணும்னா வெறும் சோறும் கறியும் சாப்ட்டு ஆகற விஷயமா அது? அந்த டோர்னமென்ட்லயே ஸ்டீராய்டு எடுத்து மாட்டின ஸ்கூல் பசங்க இருக்காங்க, ஏதோ ஒரு வருஷம் மட்டும் இல்ல. நானா இருந்தா பையன திட்டறதுக்கு முன்னாடி ஸ்கவுட்டைத்தான் திட்டுவேன்.

கேள்வி: சேர், மகன் கண்டியில ஸ்கூல் டீம்ல விளையாடுறான். ஜிம்ல ஒரு பவுடர் குடுத்திருக்காங்க, டப்பால 'நேச்சுரல்'னு போட்டிருக்கு. குடுக்கலாமா?

வேணாம் சார். டப்பால போட்டிருக்கறது விளம்பரம், லேப் ரிப்போர்ட் இல்ல. 2010ல சிலிபாய் ராலபெல்லே, பியார்ன் பாசன்னு ரெண்டு ஸ்பிரிங்பாக் (தென்னாப்பிரிக்கா நேஷனல் டீம்) பிளேயர்ஸ் மெத்தில்ஹெக்ஸனமின்ங்கற தடை பண்ணின ஊக்கமருந்துல மாட்டினாங்க, டீம்லயே குடுத்த சப்ளிமென்ட்தான் காரணம், அதனால தப்பில்லன்னு விட்டுட்டாங்க. நேஷனல் டீமுக்கே அந்த கதின்னா ஜிம் டப்பாவ என்னன்னு நம்பறது. (அதே ராலபெல்லே பின்னாடி வேற கேஸ்ல மாட்டி 2020ல 8 வருஷம் தடை வாங்கினாரு, அது தனிக்கதை.) முட்டை, பால், பருப்பு, நல்ல தூக்கம், அது போதும்.

கேள்வி: மேட்ச் முடிஞ்சதும் டெஸ்ட் எப்படி எடுப்பாங்க?

கூச்சப்படறவங்களுக்கு கஷ்டம்தான். நோட்டீஸ் குடுத்த நிமிஷத்துலேர்ந்து ஒருத்தர் கூடவே வருவாரு, ஷவருக்கு போனாலும் கண்ண எடுக்க மாட்டாரு. பனியன நெஞ்சு வரைக்கும் தூக்கி, ஷார்ட்ஸ முட்டி வரைக்கும் இறக்கி, ஆபீசர் நேரா பாக்க கப்ல போகணும். குறைஞ்சது 90 மில்லி. எண்பது நிமிஷம் வேர்த்து கொட்டினவனுக்கு எங்கேர்ந்து வரும், டீம் பஸ் கிளம்பிடும், இவன் சீல் பிரிக்காத பாட்டில் தண்ணிய ஒண்ணு மாத்தி ஒண்ணு குடிச்சிட்டு உக்காந்திருப்பான், அப்படி ஓவரா குடிச்சா யூரின் தண்ணியாயிடும், அப்புறம் இன்னொரு சாம்பிள் குடுன்னுவாங்க. ஏ, பி ரெண்டு பாட்டில்ல அவனே ஊத்தி அவனே மூடணும், மூடி 'டிக் டிக்'னு இறுகும், லேப்ல மட்டும்தான் திறக்க முடியும். பத்து வருஷம் வரைக்கும் வச்சிருந்து மறுபடி டெஸ்ட் பண்ணலாம்.

கேள்வி: வீட்டுக்கே வருவாங்களாமே?

டெஸ்ட் பண்றவங்க வச்சிருக்கற லிஸ்ட்ல இருக்கற பிளேயர்னா ஆமா. தினம் ஒரு மணி நேரம் எங்க இருப்பேன்னு முன்னாடியே சொல்லி வைக்கணும், பன்னெண்டு மாசத்துல மூணு தடவ தவறினா அதுவே குத்தம்.

கேள்வி: தெரியாம உடம்புக்குள்ள போயிடுச்சுன்னு சொன்னா விட்ருவாங்களா?

எப்படி போச்சுன்னு பிளேயர்தான் நிரூபிக்கணும். தென்னாப்பிரிக்காவோட அபீவே டியான்டி 2018ல உலக ரக்பியோட பிரேக்த்ரூ பிளேயர் (புதுசா வந்து கலக்கினவருக்கு குடுக்கற விருது), அடுத்த வருஷமே சாம்பிள்ல மூணு தடை மருந்து. தெரிஞ்சு எதுவும் எடுக்கலன்னுதான் சொன்னாரு, ஆனாலும் நாலு வருஷம் தடைல போச்சு.

கேள்வி: கொக்கைன்ல மாட்டினவன எந்த கிளப் எடுக்கும்?

எடுக்கும், நல்லா ஆடினா. இங்கிலாந்து பிராப் (முன்வரிசை பிளேயர்) மாட் ஸ்டீவன்ஸ் 2009ல மாட்டி ரெண்டு வருஷம் வெளில இருந்தாரு, 2011ல சாரசென்ஸ்ங்கற இங்கிலாந்து கிளப் எடுத்துக்கிச்சு, அதே வருஷம் உலகக் கோப்பையும் ஆடினாரு. இப்ப ரூல் மாறிடுச்சு, 2021லேர்ந்து மேட்ச்சுக்கு சம்பந்தமில்லாம வெளில எடுத்ததுன்னு நிரூபிச்சா தடை மூணு மாசம், சிகிச்சைக்கு போனா ஒரு மாசம். ஸ்டீராய்டுக்கு இந்த சலுகை கிடையாது.